பட்டறைக் கம்ப்யூட்டரில் லினக்ஸ்: எந்த வழியில் சோதித்துப் பார்ப்பது?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும் என்றார்கள். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் டி.பி.எம். 2.0 சிப் வேண்டும்; இன்டெல் பிராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்றுக்கொள்கிறது. ஓசூர் சிப்காட், சிட்கோ பக்கம் ஜாப் ஒர்க் எடுக்கும் சிறிய பட்டறைகளில், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிவந்த செகண்ட் ஹாண்ட் பெட்டிகளை வைத்திருப்பவர்களுக்கு இது நேரடிச் சிக்கல். கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது, ஆனால் வழக்கமான அப்டேட் கிடையாது.

இந்த இடத்தில்தான் லினக்ஸ் பேச்சு வருகிறது. தமிழ்நாட்டுக்கு அது புதிதல்ல. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் கொடுத்தார்கள். அன்று பிளஸ் டூ படித்தவர்கள் இன்று ஆலைகளில் ஷிப்ட் பார்க்கிறார்கள். லினக்ஸ் நல்லதா என்று கேட்பதைவிட, நம் வேலைக்கு ஒத்துவருமா என்று பில்லும் டிராயிங்கும் போய்விடாமல் எப்படிச் சோதிப்பது என்று கேட்பதே பயன்தரும்.

முதல் படிக்கு லினக்ஸே தேவையில்லை. டிராயிங்குக்கான ஃப்ரீகேட், ஆபீஸ் வேலைக்கான லிப்ரே ஆபீஸ் இரண்டும் விண்டோஸிலேயே ஓடும், இரண்டும் இலவசம். ஃப்ரீகேட் 2002-இல் தொடங்கி, 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. இப்போது நம்பிப் பழகலாம். கம்பெனிக்காரர் அனுப்பும் ஸ்டெப் ஃபைலை அதில் திறந்து பாருங்கள், பெரும்பாலும் சுத்தமாகத் திறக்கும். டி.டபிள்யு.ஜி. டிராயிங் என்றால் அதைப் படிக்க இன்னொரு மாற்றி மென்பொருள் வேண்டும், டி.எக்ஸ்.எஃப். ஆக அனுப்பச் சொல்வது சுலபம். இந்த இரண்டு மென்பொருளே உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் லினக்ஸ் பக்கம் போவதில் பொருளில்லை.

ஒத்துவந்தால், அடுத்தது பென்டிரைவ். லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றை டவுன்லோட் செய்து, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் 8 ஜி.பி. பென்டிரைவில் ஏற்ற வேண்டும். அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும், எனவே காலி பென்டிரைவாக இருக்கட்டும். கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9 அழுத்தினால் பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் எழும். நீங்களாக இன்ஸ்டால் என்பதை அழுத்தி ஒப்புக்கொள்ளாதவரை உள்ளே இருக்கும் டிஸ்க்கில் அது எதையும் நிறுவாது. வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் டெலிவரி சலான் அடிக்கிறதா, ஜி.எஸ்.டி. தளம் திறக்கிறதா, தமிழ்99 விசைப்பலகையோடு கன்னடமும் தெலுங்கும் சேர்க்க முடிகிறதா என்று ஒரு மதியத்தில் பார்த்துவிடலாம். குறை ஒன்றுதான்: சாதாரணமாக ஏற்றிய பென்டிரைவில், நீங்கள் செய்த மாற்றங்கள் ஷட் டவுன் செய்ததும் போய்விடும்.

லினக்ஸைச் சோதிக்கும் வழிகளில் பென்டிரைவை நான் முதலில் வைப்பதற்குப் பட்டறை சார்ந்த காரணம் ஒன்று உண்டு. பழைய மில்லிங் மெஷினுக்கோ சொந்தமாகச் செய்த ரூட்டருக்கோ, மெஷினை இயக்கும் மென்பொருளான லினக்ஸ்சி.என்.சி. போட நினைப்பவர்கள், அந்தக் கம்ப்யூட்டர் உரிய நொடியில் பல்ஸ் அனுப்புமா என்று முதலில் அறிய வேண்டும். லினக்ஸ்சி.என்.சி. ஏற்றிய பென்டிரைவிலிருந்து பூட் செய்து, லேட்டன்சி டெஸ்டை ஓடவிடுங்கள். ஓடும்போதே விண்டோக்களை இழுங்கள், பெரிய ஃபைலை காப்பி செய்யுங்கள், வீடியோ போடுங்கள். கம்ப்யூட்டரை வேண்டுமென்றே தொந்தரவு செய்ய வேண்டும். மேக்ஸ் ஜிட்டர் என்ற எண் நானோ செகண்டில் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிற்கும். 20,000-க்குள் நின்றால் ஸ்டெப்பர் மோட்டாரை நேரடியாக ஓட்ட அருமையான பெட்டி. 30,000 முதல் 50,000 வரை என்றால் வேகம் சற்றுக் குறையும். ஒரு லட்சம் தாண்டினால் அந்தப் பெட்டியை ஆபீஸுக்கே விட்டுவிடுங்கள். லேப்டாப்கள் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வேலையை உள்ளுக்குள் செய்துகொண்டே இருப்பதால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்கும். பழைய டெஸ்க்டாப் தேறும்.

இரண்டாவது வழி, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ். இதே சோதனையை அதற்குள் செய்தால் வரும் எண்ணுக்கு மதிப்பே இல்லை. அங்கே லினக்ஸ் விண்டோஸின் தயவில் ஓடுகிறது. ஆனால் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் லினக்ஸ்சி.என்.சி.யின் சிமுலேஷனில் ஜி-கோடு எழுதிப் பழகலாம். ஏதாவது உடைந்தால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம். 8 ஜி.பி. ராம் இருந்தால் 4-ஐ உள்ளே கொடுக்கலாம். அதற்குக் கீழே என்றால் இரண்டுமே தடுமாறும். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது வழி, ஒரே டிஸ்க்கைப் பிரித்து விண்டோஸையும் லினக்ஸையும் வைக்கும் டூயல் பூட். அதைப் பற்றி என் கருத்து கடுமையானது: பில் போடும் கம்ப்யூட்டரில் வேண்டாம். டிஸ்க்கைப் பிரிக்கும்போது கரன்ட் போனால் போதும், கணக்கு மொத்தமும் ஆபத்தில். பிட்லாக்கர் போட்டிருந்தால் அடுத்த முறை விண்டோஸ் ரெக்கவரி கீ கேட்கக்கூடும். அதை எழுதி வைத்தவர்கள் குறைவு. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைக்காவிட்டால் விண்டோஸ் டிரைவில் லினக்ஸால் எழுத முடியாமல் போகலாம்.

அதற்குப் பதில் புது 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்குங்கள். பழைய லேட்டிட்யூட், திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் சில ஸ்குரூ கழற்றினால் டிஸ்க் கையோடு வந்துவிடும். விண்டோஸ் டிஸ்க்கை அப்படியே கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். புதியதில் லினக்ஸ் போடுங்கள். பிடிக்கவில்லையா, பழையதை மாட்டினால் முந்தைய நாள் நிலைக்கே திரும்பிவிடுவீர்கள். டெஸ்க்டாப் என்றால் இன்ஸ்டால் செய்யும் நேரத்தில் மட்டும் விண்டோஸ் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டால் போதும். செலவு கொஞ்சம் ஆகும், ஆனால் நான்கு வழிகளில் முழு வேகத்தையும் முழுப் பாதுகாப்பையும் சேர்த்துத் தருவது இதுதான்.

ஒரு எச்சரிக்கை: கணக்கு மென்பொருளான டாலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. அதை விட முடியாதவர்கள் ஒரு கம்ப்யூட்டரையாவது விண்டோஸிலேயே வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யும் 11, 20 தேதிகளை ஒட்டி இந்த வேலையைத் தொடாதீர்கள். பேக்கப் எடுத்துவிட்டு 21-ஆம் தேதிக்கு மேல் வரும் ஞாயிற்றுக்கிழமையில் ஆரம்பியுங்கள்.