பைத்தான் கற்போர் கையேட்டைப் படிப்பது எப்படி?

பதினோராம் வகுப்பில் கணிப்பொறி அறிவியல் எடுத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் மாலை நோட்டுப் புத்தகத்துடன் வந்தாள். "மாமா, 7-ஐ 2-ஆல் வகுத்தால் கைடில் 3 என்று போட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் போட்டால் 3.5 வருகிறது. ரெக்கார்டில் எதை எழுதுவது?" என்று கேட்டாள்.

கைடை வாங்கிப் புரட்டினேன். பழைய புத்தகக் கடையில் வாங்கியது. பைத்தான் மொழியின் இரண்டாம் வரிசைப் பதிப்புகளுக்காக எழுதப்பட்டது. அவள் கணிப்பொறியில் இருந்ததோ மூன்றாம் வரிசை. இரண்டாம் வரிசையில் ஒரு முழு எண்ணை இன்னொரு முழு எண்ணால் வகுத்தால் விடையும் முழு எண்ணாகவே வரும். 2008 டிசம்பரில் மூன்றாம் வரிசை வெளிவந்தபோது இந்த வழக்கம் மாற்றப்பட்டது. 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு இரண்டாம் வரிசைக்கு ஆதரவும் நிறுத்தப்பட்டது. ஆக, புத்தகமும் பொய் சொல்லவில்லை. கணிப்பொறியும் பிழை செய்யவில்லை.

இந்த மாற்றம் ஒன்றும் இரகசியமன்று. பைத்தானைப் பராமரிப்பவர்களே வெளியிடும் கையேட்டில் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அப்படி ஒரு கையேடு இருப்பதே அவளுக்குத் தெரியாது. ட்யூஷன் நோட்ஸும் கைடும்தான் தெரியும். பழைய முறையில் 'பிரின்ட்' கட்டளையை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் கணிப்பொறி உடனே தடுத்துவிடும். வகுத்தலில் அப்படித் தடுக்காது. விடை மட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும். இன்று ரெக்கார்டு நோட்டில் நேர்ந்தது நாளை ஒருவருடைய சம்பளக் கணக்கில் நேரலாம்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் 11, 12-ஆம் வகுப்புக் கணிப்பொறி அறிவியலில் பைத்தான்தான் கற்பிக்கப்படுகிறது. நம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் இதைப் படிப்பதால், கையேட்டைப் பயன்படுத்தும் முறையை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

கையேட்டின் பகுதிகள்

நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ரோசம் 1991-இல் பைத்தானை வெளியிட்டார். பெயர் மலைப்பாம்பிலிருந்து வந்ததன்று. 'மான்டி பைத்தான்' என்ற ஆங்கில நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. இதன் கையேட்டை இணையத்தில் 'டாக்ஸ் புள்ளி பைத்தான் புள்ளி ஆர்க்' என்னும் முகவரியில் காணலாம். கட்டணம் இல்லை. முழுவதையும் ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணைய இணைப்பு இல்லாமலே படிக்கலாம்.

கையேடு என்றால் ஒரே புத்தகம் என்று எண்ண வேண்டாம். தமிழ் கற்க அரிச்சுவடி, அகராதி, இலக்கணம் எனத் தனித்தனி நூல்கள் இருப்பதுபோல் இங்கும் உண்டு.

1. டுடோரியல்: இது அரிச்சுவடி. முதல் இயலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டியது. ஆனால் புரோகிராம் என்றால் என்னவென்றே அறியாதவருக்கு எழுதப்பட்டதன்று. பள்ளிப் பாடநூலின் முதல் சில பாடங்களை முடித்த மாணவருக்குப் பொருத்தமாக இருக்கும்.

2. லைப்ரரி ரெஃபரன்ஸ்: இது அகராதி. யாரும் அகராதியை முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. வேண்டிய சொல்லை மட்டும் தேடுகிறோம். இதையும் அப்படியே பயன்படுத்த வேண்டும். அன்றாடம் அதிகம் உதவுவது இதுதான்.

3. லாங்குவேஜ் ரெஃபரன்ஸ்: இது இலக்கணம். நன்னூல்போல் செறிவானது. ஐயம் தீர்த்துக்கொள்ள நாடலாம். தொடக்கத்திலேயே எடுத்தால் சலிப்புத் தட்டும்.

4. ஹௌ-டூ கட்டுரைகள்: ஒவ்வொன்றும் ஒரே பொருள் பற்றியது. வரிசைப்படுத்துவது எப்படி, பிறமொழி எழுத்துகளைக் கையாள்வது எப்படி என்பன போன்றவை.

இவற்றோடு ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்று கூறும் 'வாட்ஸ் நியூ' பகுதியும் உண்டு. நம் பெண்ணின் கேள்விக்கு விடை, பதிப்பு 3.0-க்கான பகுதியில் இருக்கிறது. பழைய முழு எண் விடையே வேண்டுமானால் ஒரு சாய்கோட்டுக்குப் பதில் இரண்டு சாய்கோடுகள் போட வேண்டும் என்ற குறிப்பும் அங்கேயே உள்ளது.

எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் மேலே குறித்திருக்கும் பதிப்பு எண்ணைப் பாருங்கள். அது உங்கள் கணிப்பொறியில் உள்ள பதிப்போடு ஒத்திருக்க வேண்டும்.

ஒரு பதிவைப் படிக்கும் முறை

லைப்ரரி ரெஃபரன்ஸில் 'ரவுண்ட்' என்ற சொல்லைத் தேடுவோம். முதலில் சொல், அடுத்து அடைப்புக்குறிக்குள் 'நம்பர்', 'என்டிஜிட்ஸ்' என்ற இரண்டு பெயர்கள். இரண்டாவதன் அருகே சமக்குறி போட்டு 'நன்' என்றிருக்கும். சமக்குறி உள்ளதை நாம் தராவிட்டாலும் பாதகமில்லை. மொழியே ஒரு மதிப்பை வைத்துக்கொள்ளும். சமக்குறி இல்லாததைக் கட்டாயம் தர வேண்டும்.

இனி விளக்கத்தைப் படியுங்கள். 2.5-ஐ முழுமையாக்கினால் 3 வரும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? பைத்தான் 2 என்று தரும். 3.5-ஐக் கொடுத்தால் 4 தரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது இதன் விதி. எப்போதும் மேல்நோக்கியே தள்ளினால் நீண்ட கூட்டலில் தொகை ஏறிக்கொண்டே போகும். அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. மதிப்பெண் பட்டியல் தயாரிக்கும் மாணவர் இந்த ஒரு வாக்கியத்தைப் படிக்காவிட்டால் யாரோ ஒருவருக்கு ஒரு மதிப்பெண் குறையும்.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, கட்டளை நமக்கு எதைத் திருப்பித் தருகிறது என்பது. பெயர்ப் பட்டியலை வரிசைப்படுத்த 'சார்ட்', 'சார்ட்டட்' என இரண்டு உண்டு. முன்னது இருக்கும் பட்டியலையே மாற்றிவிடும். எதையும் திருப்பித் தராது. பின்னது பழைய பட்டியலைத் தொடாமல் புதிய பட்டியல் ஒன்றைத் தரும். இதை அறியாமல் 'சார்ட்' தரும் விடையைப் பழைய பட்டியலின் பெயரிலேயே சேமித்தால் பெயர்கள் எல்லாம் போய் 'நன்' என்பதுதான் மிஞ்சும்.

நம் மொழியிலேயே ஒரு சோதனை. 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தை 'லென்' கட்டளையால் கேளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. பைத்தான் 5 என்னும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகிய ஐந்தையும் அது தனித்தனியே எண்ணுகிறது. அது எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை, நாம் உச்சரிக்கும் எழுத்துகளை அன்று. இதன் விளக்கம் யூனிகோட் பற்றிய ஹௌ-டூ கட்டுரையில் உள்ளது.

கணிப்பொறியிடமே கேட்கலாம்

பைத்தானைத் திறந்து 'ஹெல்ப்' என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் வேண்டிய பெயரைக் கொடுத்தால் விளக்கம் திரையிலேயே வரும். நீண்ட விளக்கத்திலிருந்து வெளியே வர 'க்யூ' விசையை அழுத்த வேண்டும். 'டிர்' என்ற கட்டளை ஒரு பொருளோடு என்னென்ன பயன்படுத்தலாம் என்று பெயர்களை மட்டும் பட்டியலிடும். பெயர் மறந்துபோனால் 'டிர்', பெயர் தெரிந்து பொருள் தெரியாவிட்டால் 'ஹெல்ப்' என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பிழைச் செய்தியும் ஒரு கையேடுதான். அதைக் கண்டு பயப்படாமல் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன வகைப் பிழை என்பது அங்கேதான் இருக்கும்.

பெற்றோருக்கு

"எங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, நாங்கள் என்ன உதவி செய்வது?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. மொழி தெரியாமலே மூன்று கேள்விகள் கேட்கலாம். உன் புத்தகம் எந்தப் பதிப்புக்கு? கையேட்டில் என்ன போட்டிருக்கிறது? நீயே போட்டுப் பார்த்தாயா? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லப் பழகிய பிள்ளை ட்யூஷன் வாத்தியார் பக்கத்தில் இல்லாத நாளிலும் தடுமாறாது. கையேடு ஆங்கிலத்தில் இருந்தாலும் எளிய, குறுகிய வாக்கியங்களே மிகுதி. முதல் மாதம் கடினமாக இருக்கும். பிறகு அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் பழகிவிடும்.

அந்தப் பெண் ரெக்கார்டில் 3.5 என்றே எழுதினாள். பக்கத்தில் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டாள்.

பயிற்சி

1. 'பிரின்ட்' கட்டளைக்கான பதிவைப் படித்து, மூன்று பெயர்களை இடையில் காற்புள்ளியிட்டு ஒரே வரியில் அச்சிடுக.

2. 'இன்புட்' வழியாக 5, 7 ஆகிய எண்களைப் பெற்றுக் கூட்டினால் 57 வருவது ஏன்? பதிவைப் படித்துக் காரணம் எழுதுக.

3. மைனஸ் 7-ஐ 2-ஆல் இரட்டைச் சாய்கோடு போட்டு வகுத்தால் என்ன வரும்? முதலில் ஊகித்து எழுதுக. பிறகு போட்டுப் பார்க்க. ஊகம் தவறானால் எண் வகைகள் பற்றிய பகுதியில் காரணத்தைத் தேடுக.

விடைகளை இங்கே தரவில்லை. எங்கே தேடுவது என்று இப்போது உங்களுக்கே தெரியும்.