இசைத்தட்டும் வால்வு முன்பெருக்கியும்



நம் இல்லங்கள் சிலவற்றில் பழைய இசைத்தட்டுகள் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. காந்த ஊசித்தலை பொருத்திய சுழல்மேடையில் அவற்றை இட்டு, நேரே ஒலிபெருக்கிச் சாதனத்துடன் இணைத்தால், மிக மெல்லிய, கீச்சிடும் ஓசையே எழும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி காணாமற் போயிருக்கும். இக்குறையை நீக்கும் கருவியே முன்பெருக்கி. அதனை வெற்றிடக் குழாயாகிய வால்வைக் கொண்டு வீட்டிலேயே அமைக்கலாம். அதன் பணி ஒலியைப் பெருக்குவது மட்டுமன்று. வேண்டுமென்றே மாற்றிப் பதியப்பட்ட ஒலியை மீண்டும் உள்ளபடி ஆக்குவதே அதன் தலையாய பணியாகும்.

மாற்றிப் பதிவது ஏன்?

தாழ்சுருதி ஒலிகள் வெட்டும் ஊசியைப் பக்கவாட்டில் பெரிதும் அசைப்பவை. அவ்வாறே பதிந்தால் ஒரு பள்ளம் அடுத்ததில் மோதும். ஆதலால் அவை குறைத்துப் பதியப்படுகின்றன. உயர்சுருதி ஒலிகளோ தட்டின் இரைச்சலில் அமிழ்ந்து போகாதிருக்க உயர்த்திப் பதியப்படுகின்றன. இதற்கு அமெரிக்காவின் ஆர்.ஐ.ஏ.ஏ. அமைப்பு 1954 இல் பொது அளவொன்றை வகுத்தது. அதன் நேர மாறிலிகள் 3180, 318, 75 மைக்ரோசெக்கன். இதன்படி, 1000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிடுகையில், 20 ஹெர்ட்ஸ் ஒலியை நாம் ஏறத்தாழ 9 மடங்கு உயர்த்தவும், 20,000 ஹெர்ட்ஸ் ஒலியை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகத் தாழ்த்தவும் வேண்டும். அதற்கு முற்பட்ட 78 சுழற்சித் தட்டுகள் இவ்வளவைப் பின்பற்றாதவை. அவற்றுக்குப் பருமனான வேறு ஊசியும் தேவை.

வால்வு இயங்கும் விதம்

1904 இல் ஜோன் அம்புரோஸ் பிளெமிங் இருமுனை வால்வை ஆக்கினார். 1906 இல் லீ டி பொரெஸ்ட் அதனுள் மூன்றாம் முனையைச் சேர்த்தார். சூடேறிய கதோட்டிலிருந்து அனோட்டை நோக்கி இலத்திரன்கள் பாய்கின்றன. இடையே நிற்கும் கம்பிவலை அப்பாய்ச்சலைக் கட்டுப்படுத்துகிறது. மடைப்பலகையைச் சிறிது அசைத்தால் வாய்க்கால் நீர் முழுதும் கட்டுப்படுவது போன்றது இது.

கணக்கும் அமைப்பும்

12ஏஎக்ஸ்7 என்னும் வால்வினுள் இரண்டு மும்முனை வால்வுகள் உள்ளன. 250 வோல்ட் வழங்கி, அனோட்டில் 100 கிலோ ஓம், கதோட்டில் 1.5 கிலோ ஓம் தடையிகளை இட்டு, கதோட்டுத் தடையிக்குக் குறுக்கே பெரிய கொள்ளளவி ஒன்றை இணைத்தால், ஒவ்வொரு படியும் ஐம்பது மடங்குக்குக் குறையாமல் பெருக்கும். இரு படிகளும் சேர்ந்து 2500 மடங்கு. இடையிலுள்ள திருத்தும் சுற்று 1000 ஹெர்ட்ஸில் அதனைப் பத்தில் ஒன்றாக்க, 250 மடங்கு எஞ்சும். ஊசித்தலை தரும் 4 மில்லிவோல்ட் 1 வோல்ட் ஆகிறது. இடம், வலம் இரண்டுக்கும் ஒவ்வொரு வால்வு வேண்டும். ஊசித்தலை இணையும் வாயிலில் 47 கிலோ ஓம் தடையி இருத்தல் வேண்டும்.

திருத்தும் சுற்றில் தொடர்தடை 220 கிலோ ஓம் எனக் கொள்வோம். அதனோடு முதற் கொள்ளளவியைப் பெருக்கினால் 2187 மைக்ரோசெக்கன் வரவேண்டும்; ஆகவே அது 10 நானோபரட். இரண்டாவதற்கு 750 மைக்ரோசெக்கன், ஆகவே 3.4 நானோபரட். முதற் கொள்ளளவியுடன் தொடராக நிற்கும் தடையி 32 கிலோ ஓம். 22, 10 கிலோ ஓம் தடையிகளைச் சேர்த்து இதனைப் பெறலாம். இங்கே வால்வையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும். முதற்படி தானே ஏறத்தாழ 38 கிலோ ஓம் தடையைத் தருவதால் நாம் இடவேண்டியது 180 கிலோ ஓம் மட்டுமே. இரண்டாம் படியும் ஏறத்தாழ 0.1 நானோபரட்டைத் தருவதால் 3.3 நானோபரட் போதும். இதை மறந்தால் ஒலி பிறழும்.

மின்சார முரல்

50 ஹெர்ட்ஸ் மின்சார முரலையும் இச்சுற்று ஏழு மடங்கு உயர்த்திவிடும். எனவே மின்மாற்றியைத் தனிப்பெட்டியில் வைத்தல், வால்வின் சூடேற்றும் இழைக்கு நேரோட்டம் வழங்கல், புவியிணைப்புகளை ஒரே புள்ளியிற் சேர்த்தல் ஆகியன இன்றியமையாதவை.

எச்சரிக்கை

250 வோல்ட் உயிரைப் பறிக்க வல்லது. மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகளில் மின் தங்கியிருக்கும். அதனை வடிக்கும் தடையியை நிலையாகப் பொருத்துக. மானியால் அளந்து பார்த்த பின்னரே தொடுக. உலோகப் பெட்டியைப் புவியுடன் இணைக்க, உருகியும் இடுக. மாணவர்கள் இப்பணியை மின்வேலை அறிந்த பெரியவர் உடனிருக்கவே செய்தல் வேண்டும். கணக்கிடுதல், வரைதல், தடையிகளை அளந்து தெரிதல் ஆகியவற்றை அவர்கள் தாமே செய்யலாம்.

வகுப்பில் நாம் கற்கும் பெருக்கலும் வகுத்தலும் ஒரு பாடலை அதன் இயல்பான குரலில் மீட்டுத் தருகின்றன. பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்ந்து இதனைச் செய்து பார்ப்பார்களாக.

பயிற்சி

1. தாழ்சுருதி ஒலிகளைக் குறைத்துப் பதிவது ஏன்?
2. தொடர்தடை 110 கிலோ ஓம் எனின், முதற் கொள்ளளவியின் அளவு யாது?
3. மின்னை நிறுத்திய பின்னும் கருவியைத் தொடலாகாது. காரணம் கூறுக.