பிள்ளைக்குக் காசு எண்ணப் பழக்குதல்: பிலிமத்தலாவைப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நூறு வரை மடமடவென்று ஒப்பிக்கிற பிள்ளையின் கையில் மூன்று குத்திக் காசைக் கொடுத்து "எவ்வளவு?" என்று கேளுங்கள். "மூன்று" என்றுதான் பதில் வரும். அதில் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மாங்காயோ மாபிளோ, அதுவரை எண்ணியதெல்லாம் துண்டுக்கு ஒன்று. காசில்தான் ஒரே துண்டு ஐந்தாகவும் பத்தாகவும் நிற்கிறது. இது பிடிபட்டுவிட்டால் மிச்சமெல்லாம் வெறும் கூட்டல். தரம் 1க்குப் போகும் வயதில் தொடங்கினால் போதும்.

தேவையானவை

5 ரூபாய், 10 ரூபாய்க் குத்திகளில் ஆறாறு. 20, 50, 100 ரூபாய்த் தாள்களில் ஒவ்வொன்று. ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. பிளாஸ்டிக் விளையாட்டுக் காசு வேண்டாம், கடையில் செல்லுகிற காசுதான் பிள்ளைக்கு அக்கறை தரும்.

1, 2 ரூபாய்க் குத்திகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். ஒன்றிலிருந்து தொடங்குவதுதானே முறை என்று கேட்கலாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அந்த விலையேற்றத்துக்குப் பிறகு ஒரு ரூபாயை நீட்டி வாங்க எதுவும் இல்லை. வாங்க உதவாத காசில் பிள்ளைக்கு ஆர்வம் வராது. சதத்தின் பேச்சே வேண்டாம்.

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கவனம். பாடம் முடிந்ததும் குத்திகளை எண்ணி எடுத்து வையுங்கள். விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கு உடனே கொண்டுபோங்கள்.

படி 1: இலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்

நம் நாட்டுக் காசில் பெரியவர்களுக்குத் தோன்றாத ஒரு சிக்கல் பிள்ளைக்கு உண்டு. ஒரே 5 ரூபாய் இரண்டு நிறத்தில் வருகிறது. பழையது பித்தளை முலாம் பூசிய எஃகு. பிலிமத்தலாவைக் கடைகளில் தொங்கும் குத்துவிளக்கின் அதே மஞ்சள். 2017இல் மத்திய வங்கி வெளியிட்ட புதிய வரிசையில் 1, 2, 5, 10 நான்கும் துருப்பிடிக்காத எஃகில், வெள்ளையாக வந்தன. இரண்டும் இன்று ஒரே பையில் கிடக்கின்றன. "மஞ்சள் காசு அஞ்சு" என்று சொல்லிக்கொடுத்தால் வெள்ளை ஐந்து கையில் வந்த அன்றே பிள்ளை தடுமாறும்.

படத்தையும் நம்ப முடியாது. 2013 வரிசையில் 25 மாவட்டங்களுக்கும் தனித்தனியாக 10 ரூபாய்க் குத்தி அடித்தார்கள். அதனால் குத்திகளைக் கொட்டி, "5 என்று போட்டதெல்லாம் இந்தப் பக்கம், 10 எல்லாம் அந்தப் பக்கம்" என்று பிரிக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று நாள் இது மட்டும் போதும். கூட்டலுக்கு அவசரப்பட வேண்டாம்.

படி 2: காசுக்கு அடியில் புளியங்கொட்டை

ஒரு 5 ரூபாய்க் குத்தியை வைத்து, அதன் கீழே ஐந்து புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்குங்கள். பக்கத்தில் ஒரு 10 ரூபாய், அதன் கீழே பத்து. இனிக் கேளுங்கள்: "எது கூட?" முன்பு இரண்டு குத்திகளும் சமம் என்ற பிள்ளை இப்போது கொட்டை வரிசையின் நீளத்தைப் பார்த்துச் சொல்லும். அடுத்து இரண்டு 5 ரூபாயை ஒரு 10 ரூபாய்க்கு மாற்றிக் காட்டுங்கள். பிள்ளை ஏமாற்றப்பட்டதுபோல முகத்தைச் சுளிக்கலாம், இரண்டைக் கொடுத்து ஒன்றுதானே கிடைத்தது! கொட்டைகளை எண்ணிப் பார்க்கட்டும்.

"இது ஏன் பத்து?" என்றும் கேட்கும். பத்து என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் நேர்மையான பதில். கண்டி இராச்சியத்தில் கொக்கிபோல வளைத்த வெள்ளிக் கம்பிகூடக் காசாக ஓடியது என்று சொல்லிப் பாருங்கள், கண் விரியும்.

படி 3: தாவி எண்ணிக் கூட்டுதல்

5, 10, 15, 20 என்றும், 10, 20, 30 என்றும் வாய்ப்பாடமாக வரவேண்டும். பிறகு கலந்த காசு. எப்போதும் பெரியதிலிருந்து தொடங்கப் பழக்குங்கள். 10, 10, 5, 5 கிடந்தால் விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளியபடி "பத்து, இருபது, இருபத்தஞ்சு, முப்பது". தள்ளாமல் எண்ணினால் ஒரே காசை இரண்டு தரம் எண்ணிவிடும்.

படி 4: தாள்கள்

இங்கே நிறம் கைகொடுக்கும். 2011 வரிசையில் 50 நீலம், 100 செம்மஞ்சள், 500 ஊதா, 1000 பச்சை. முன்பக்கத்தில் பறவையும் பின்பக்கத்தில் நடனக்காரரும். ஆனாலும் கடைசி வார்த்தை இலக்கத்துக்குத்தான். 20 ரூபாய் தாளாகவும் உண்டு, குத்தியாகவும் உண்டு.

படி 5: கடை

முதலில் வீட்டில் கடை போடுங்கள். அப்பா முதலாளி, பிள்ளை வாங்க வந்தவர். அழிறப்பர் 25 ரூபாய், பென்சில் 35 ரூபாய் என்று துண்டில் எழுதி வையுங்கள். மிச்சக் காசுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுக்காதீர்கள். கடைக்காரர்கள் செய்வதுபோல விலையிலிருந்து மேலே எண்ணுங்கள். 35 ரூபாய்ப் பென்சிலுக்கு 50 கொடுத்தால், 5 வைத்து "நாற்பது", 10 வைத்து "அம்பது". வைத்த காசுதான் மிச்சம்.

பிறகு உண்மைக் கடை. நம் ஊரில் விலை பெரும்பாலும் சிங்களத்தில்தான் காதில் விழும். பஹ 5, தஹய 10, விஸ்ஸ 20, பனஹ 50, சீய 100 என்பவற்றையும் காசைக் காட்டியே சொல்லிக்கொடுங்கள். பஹவும் பனஹவும் அவசரத்தில் ஒன்றுபோலக் கேட்கும், 45 ரூபாய் வித்தியாசம். ஒரே ஒரு பொருள், கையில் ஒரே ஒரு தாள், ஆள் குறைந்த நேரம். நீங்கள் இரண்டடி பின்னால் நில்லுங்கள். பிள்ளை தவறாக எண்ணினாலும் வாயைத் திறக்காதீர்கள், மிச்சத்தை வாசலுக்கு வந்து சேர்ந்து எண்ணலாம்.

சில்லறைக்குப் பதில் டொபி தந்தால், "காசாத் தாங்க" என்று கேட்கவும் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: சின்னக் கை காசை மேசையில் பரப்பி எண்ணும்போது, நீங்களே பொறுக்கி எடுத்துக்கொள்ளாமல் அரை நிமிடம் பொறுங்கள்.