வேதியர் முதல் அன்பியம் வரை: அரியலூர் – பெரம்பலூர் வட்டாரக் கத்தோலிக்கத் தோழமைக் குழுக்களின் அமைப்பும் இயக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

கத்தோலிக்கத் திருச்சபைக்குள் இயங்கும் சிறு குழுக்கள் தமிழ்ச் சமூக வரலாற்றிலும் தமிழ் உரைநடை வரலாற்றிலும் இடம்பெறத்தக்கவை. அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களைக் களமாகக் கொண்டு, 18ஆம் நூற்றாண்டின் வேதியர் குழு, பின்வந்த பக்தி, அறப்பணிச் சபைகள், இன்றைய அன்பியம் ஆகிய மூன்று அமைப்புகளை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. குழுவைத் தொடங்கும் முறை, நடத்தும் முறை, குழுவைக் குறிக்கும் சொல் ஆகியன ஒப்பீட்டின் அடிப்படைகள். குழுவின் நிலைபேறு தலைவரின் ஆற்றலைக் காட்டிலும் கூடும் முறையைச் சார்ந்தது என்பதும், குழுவின் எல்லையை வகுக்கும் முதற்செயலிலேயே அதன் தோழமைப் பண்பு பெரிதும் முடிவாகிவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

கருச்சொற்கள்: வீரமாமுனிவர், வேதியர் ஒழுக்கம், ஏலாக்குறிச்சி, சபை, அன்பியம், பங்கு, பொதுநிலையினர்.

முன்னுரை

பெரம்பலூர் மாவட்டம் 1995ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிக்கப்பட்டது. அரியலூர் 2007ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டமாக நிலைபெற்றது. இவ்விரு மாவட்டங்களின் கத்தோலிக்கப் பங்குகள் 1899ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற கும்பகோணம் மறைமாவட்டத்தைச் சார்ந்தவை. ஏலாக்குறிச்சி, வரதராசன்பேட்டை முதலிய ஊர்களில் கத்தோலிக்க வாழ்வு நீண்ட வரலாறு உடையது.

இவ்வட்டாரக் கிறித்தவம் பற்றிய தமிழாய்வுகள் பெரிதும் வீரமாமுனிவரின் இலக்கியப் பணியை மையமாகக் கொண்டவை. தேம்பாவணியின் காப்பியக் கட்டமைப்பும் சதுரகராதியின் அகராதியியல் சிறப்பும் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. அந்நூல்கள் தோன்றிய சூழலில் வாழ்ந்த பொதுநிலையினர் எவ்வாறு ஒன்றுகூடினர், எவ்விதிகளால் இயங்கினர் என்னும் வினாக்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. ஒரு நூல் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கும்போது இவ்வினாக்கள் இலக்கிய ஆய்வுக்கும் உரியனவாகின்றன.

1. ஏலாக்குறிச்சியும் வேதியர் குழுவும்

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் அமைந்த ஏலாக்குறிச்சியை வீரமாமுனிவர் திருக்காவலூர் எனப் பெயரிட்டு அழைத்தார். இவ்வூர் அடைக்கல மாதா ஆலயத்தைப் பொருளாகக் கொண்டு திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயர் நோய் நீங்கியமைக்கு நன்றியாக ஆலயத்திற்கு நிலம் வழங்கினார் என்பது இவ்வூர் மரபு.

மதுரை மறைப்பணித் தளத்தின் பரப்பு பெரிது. குருக்கள் மிகச் சிலர். குரு ஓர் ஊருக்கு ஆண்டில் ஒருமுறையோ சிலமுறையோதான் வர இயலும். எஞ்சிய நாள்களில் செபம் நடத்துதல், சிறுவர்க்கு மந்திரங்களைக் கற்பித்தல், நோயுற்றோரைக் காணுதல், இறக்கும் தறுவாயிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தல், பூசலைத் தீர்த்தல் ஆகியவற்றைச் செய்தவர்கள் உபதேசியர். இவர்களே வேதியர் எனவும் வழங்கப்பெற்றனர். ஏலாக்குறிச்சி இத்தகையோரைப் பயிற்றும் களமாக விளங்கியது.

1727ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட வேதியர் ஒழுக்கம் இக்குழுவினருக்கான உரைநடை நூல். தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் கொண்ட, கற்றோர்க்குரிய பெருங்காப்பியம். அதனை அடுத்து, அதே ஆசிரியர் பணியாளர்க்கென எளிய உரைநடையைத் தேர்ந்துள்ளார். நூற்பெயரே ஆசிரியர் நோக்கத்தை உணர்த்துகிறது. அறிவு, அதிகாரம், ஊழியம் என்பவற்றுள் எதையும் தலைப்பில் வைக்காமல் ஒழுக்கத்தை அவர் முன்னிறுத்துகிறார். கண்காணிக்கும் குரு தொலைவில் இருக்க, பணியாளரை நெறிப்படுத்த எஞ்சுவது அவர்தம் ஒழுக்கமே என்னும் நடைமுறை உண்மை இத்தலைப்பில் அடங்கியுள்ளது.

இச்சூழலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தரங்கம்பாடியில் 1706ஆம் ஆண்டு தொடங்கிய லுத்தரன் மறைப்பணி அச்சகம் கொண்டிருந்தது. 1715ஆம் ஆண்டுக்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது. அதன் உபதேசியர் கையில் அச்சு நூல் இருந்தது. ஏலாக்குறிச்சி வேதியர் ஓலைச்சுவடியையும் நினைவாற்றலையும் நம்பினர். ஆகவே அவர்களை ஒரே சொல்லும் ஒரே நெறியும் உடையவர்களாக ஆக்குவதற்குக் கூடிக் கற்றல் இன்றியமையாததாயிற்று. இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகளைத் தழுவி உபதேசியர்க்கு ஞான ஒடுக்கம் அளிக்கும் வழக்கம் இந்நூற்றாண்டில் மதுரைத் தளத்தில் வலுப்பெற்றதை இப்பின்னணியில் நோக்க வேண்டும்.

இவ்வமைப்பில் மூன்று கூறுகள் தெளிவாகின்றன: பொதுவான நூல், குறித்த காலத்தில் கூடுதல், வரையறுத்த பணி. 1773ஆம் ஆண்டு இயேசு சபை ஒடுக்கப்பட்டுக் குருக்கள் அருகியபோதும் பல ஊர்களில் செப வழிபாடு அறாது தொடர்ந்தமைக்கு உபதேசியரின் பங்கு பெரிது. தலைமை நீங்கிய பின்னும் முறை எஞ்சியது.

2. சபைகள்: விருப்பத்தால் சேரும் குழு

வேதியர் குழு தேர்ந்தெடுக்கப்பட்ட பணியாளரின் குழு. பொதுமக்கள் தாமே விரும்பிச் சேரும் குழுவுக்குச் சபை என்னும் பெயர் வழங்குகிறது. உலக அளவில் இதன் முன்மாதிரிகளுள் ஒன்று 1563ஆம் ஆண்டு உரோமைக் கல்லூரியில் மாணவர்க்கென ழான் லூனிஸ் என்னும் இயேசு சபையார் தொடங்கிய மரியன்னைச் சபை. 1833ஆம் ஆண்டு பாரிசில் ஃபிரடெரிக் ஓசனாமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையும், 1921ஆம் ஆண்டு டப்ளினில் ஃபிராங்க் டஃப் தொடங்கிய மரியாயின் சேனையும் தமிழகப் பங்குகளில் வேரூன்றியவை.

இவ்விரண்டின் நடைமுறை ஒப்புநோக்கத்தக்கது. இரண்டிலும் உறுப்பினர் இருவர் இருவராகச் சென்று வீடுகளைச் சந்திப்பர். கூட்டத்தில் அதன் விவரம் கூறுவர். எவர் எவ்வளவு இட்டார் என்று பிறர் அறியாவண்ணம் பை சுற்றிவரும். ஆயினும் வின்சென்ட் தே பவுல் சபை வறியோர்க்குப் பொருளுதவி செய்கிறது. மரியாயின் சேனையோ பொருளுதவி செய்வதைத் தன் விதியால் விலக்குகிறது. உதவி பெறுவோர், உதவி தருவோர் என்னும் வேறுபாடு சந்திப்பில் புகுந்துவிடக் கூடாது என்னும் எண்ணம் இவ்விலக்கில் வெளிப்படுகிறது. ஒரு குழு எதைச் செய்வதில்லை என்று வரையறுப்பதும் அதன் அமைப்பு விதியே என்பதற்கு இது சான்று.

1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இத்தகு சபைகளுக்கு இலக்கணம் வகுக்கிறது. சங்கம் தொடங்கவும் நடத்தவும் நம்பிக்கையாளர்க்குள்ள உரிமையை 215ஆம் விதி ஏற்கிறது. உரிய அதிகாரியின் இசைவின்றி எச்சங்கமும் ‘கத்தோலிக்க’ என்னும் பெயரைச் சூடலாகாது என்கிறது 300ஆம் விதி. நோக்கம், தலைமையிடம், நிர்வாகம், உறுப்பினர் தகுதி ஆகியவற்றைக் கூறும் அமைப்பு விதிகள் வேண்டும் என்கிறது 304ஆம் விதி. பொதுச் சங்கங்கள் ஆண்டுதோறும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்பது 319ஆம் விதி. தொடங்கும் உரிமை மக்களுடையது. பெயரும் பொறுப்பும் திருச்சபையின் மேற்பார்வைக்கு உட்பட்டவை என இவற்றைத் தொகுத்துரைக்கலாம்.

3. அன்பியம்: சொல்லும் பொருளும்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) பொதுநிலையினரின் பங்கேற்பை வலியுறுத்தியது. இலத்தீன் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் அடித்தளக் கிறித்தவச் சமூகங்கள் பரவின. 1990ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய ஆயர் பேரவைகளின் கூட்டமைப்பு, சமூகங்களின் ஒன்றிப்பாக அமையும் பங்கேற்புத் திருச்சபையை நோக்காக முன்வைத்தது. தமிழகத்தில் இவ்வமைப்பு அன்பியம் எனப் பெயர்பெற்றது.

அன்பியம் என்பது அன்பு + இயம் எனப் பிரியும். இக்காலத் தமிழில் ‘இயம்’ கொள்கைப் பெயராக்கும் விகுதி. காந்தியம், மார்க்சியம், பெண்ணியம் என்பன காண்க. இவ்விலக்கணப்படி அன்பியம் ஒரு கொள்கையின் பெயராதல் வேண்டும். வழக்கிலோ ‘எங்கள் அன்பியம்’, ‘அன்பியக் கூட்டம்’ என அது குடும்பங்களின் தொகுதியைச் சுட்டுகிறது. கொள்கைப் பெயர் குழுப் பெயராக ஆகியுள்ளது.

வேதியர், சபை, அன்பியம் என்னும் மூன்று சொற்களையும் வரிசைப்படுத்தினால் ஒரு மாற்றம் புலப்படும். வேதியர் என்பது தமிழ் மரபில் அந்தணரைக் குறித்த சொல். கிறித்தவ வழக்கில் அது மறையறிவு உடையவரைச் சுட்டியது. சபை கூடியிருப்போரைச் சுட்டுகிறது. அன்பியம் கூடியிருப்போரிடையே நிலவ வேண்டிய உறவைச் சுட்டுகிறது. அறிந்தவர், கூடியவர், உறவு எனப் பெயரிடலின் மையம் நகர்ந்துள்ளது.

4. தொடங்கும் முறை

சபையில் சேர விண்ணப்பம் வேண்டும். அன்பியத்திற்கு அது வேண்டுவதில்லை; பங்கின் அப்பகுதியில் குடியிருப்பதே தகுதி. இதனால் அன்பியத்தைத் தொடங்குதல் ஆள் சேர்த்தலாக அமையாமல் பகுதி வகுத்தலாக அமைகிறது. பங்குத்தந்தையும் பங்குப் பேரவையினரும் வீடுகளைச் சந்தித்துக் குடும்பங்களைக் கணக்கெடுப்பர். ஏறத்தாழ 20 முதல் 30 குடும்பங்கள் ஓர் அன்பியமாக வகுக்கப்படும். ஒரு வீட்டுத் திண்ணையிலோ முற்றத்திலோ அமரத்தக்க அளவே இவ்வெண்ணிக்கையின் நடைமுறை வரம்பு. அன்பியத்திற்குப் புனிதர் ஒருவரின் பெயர் சூட்டப்பெறும்.

ஒருங்கிணைப்பாளர், செயலர், பொருளாளர் முதலிய பொறுப்பாளர்களை முதற்கூட்டத்திலேயே தேர்வது விரைவானது. எனினும் அவ்வாறு செய்தால் முன்பே செல்வாக்குடையோரே பொறுப்பேற்க நேரும். சில கூட்டங்கள் நடந்து, பேசாதவரும் பேசத் தொடங்கிய பின் தேர்வதே பொருத்தமானது. பொறுப்பின் கால அளவையும் தொடக்கத்திலேயே உறுதி செய்தல் வேண்டும். காலவரையற்ற பொறுப்பு நாளடைவில் உரிமையாகக் கருதப்படும்.

5. நடத்தும் முறை

அன்பியக் கூட்டங்களின் மையமாக விளங்குவது நற்செய்திப் பகிர்வு. தென்னாப்பிரிக்காவின் லும்கோ நிறுவனம் வகுத்த ஏழு படி முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. ஆண்டவரை அழைத்தல், பகுதியை வாசித்தல், மனத்தில் தைத்த சொல்லைத் திரும்பக் கூறுதல், அமைதி காத்தல், பகிர்தல், செய்யவேண்டிய பணியைப் பேசுதல், செபித்தல் என்பன அப்படிகள்.

இவற்றுள் மூன்றாம் படி தனிக் கவனத்திற்குரியது. கேட்ட பகுதியிலிருந்து ஒரு சொல்லையோ தொடரையோ உரக்கக் கூறுவதற்கு விளக்கவுரை ஆற்றும் திறன் தேவையில்லை. எழுத்தறியாத முதியவரும் செய்யலாம். முதலில் ஒரு சொல்லைக் கூறியவர் ஐந்தாம் படியில் தம் வாழ்வைப் பற்றி இரண்டு தொடர் கூற முன்வருவார். விளக்குவோர் ஒருவர், கேட்போர் பலர் என்னும் வேதியர் காலத்து முறையை இப்படி மாற்றியமைக்கிறது. ஆறாம் படி இல்லையேல் கூட்டம் செபக் கூட்டமாக மட்டுமே நின்றுவிடும். நோயுற்ற வீட்டைச் சந்தித்தல், பள்ளியிலிருந்து நின்ற சிறுவனை மீண்டும் சேர்த்தல் போன்ற ஒரு பணி யாரால், எந்நாளுக்குள் என்று முடிவாக வேண்டும். அடுத்த கூட்டம் அதன் நிலையறிதலோடு தொடங்க வேண்டும்.

கூட்டம் வீடுதோறும் முறைவைத்து நடப்பது இன்னொரு கூறு. இதனால் வீட்டின் நிலை பிறர் கண்ணில் படுகிறது. ஒரு வீட்டில் பலகாரம் வழங்கினால் அடுத்த வீடும் வழங்க வேண்டிய நெருக்கடி எழும். வசதியற்ற குடும்பம் தன் முறையைத் தட்டிக் கழிக்கும். பின்னர்க் கூட்டத்திற்கும் வாராது. தேநீர் மட்டும், அல்லது தண்ணீர் மட்டும் என்னும் சிறு விதி எளிய குடும்பத்தின் இடத்தைக் காக்கிறது. மரியாயின் சேனையின் விலக்கு விதிக்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே.

மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர்ப் பகுதியில் அறுவடைக் காலம் கூட்ட நேரத்தை மாற்றும். அரியலூர்ப் பகுதியில் சிமெண்ட் ஆலைப் பணியின் முறைமாற்றம் அவ்வாறே. ஆண்கள் வெளியூர் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் பெண்களே கூட்டத்திற்கு வருவர். வேதியர் பணி பெரிதும் ஆடவர்க்குரியதாயிருந்தது. கூட்டம் ஆலயத்திலிருந்து வீட்டிற்கு நகர்ந்தபோது பெண்கள் பொறுப்பேற்கும் வாய்ப்பு விரிந்தது. வருபவர் பெண்களாகவும், பங்குப் பேரவைக்கு அனுப்பப்படுபவர் ஆணாகவும் அமையுமாயின் அவ்வாய்ப்பு பாதியளவே நிறைவேறியதாகும்.

6. எல்லை என்னும் சிக்கல்

அன்பியம் அண்டை வீட்டாரின் குழு. தமிழ்ச் சிற்றூரில் அண்டை வீடு எது என்பதைப் பெரும்பாலும் சாதி முடிவு செய்துள்ளது. ஊரும் குடியிருப்பும் தனித்தனியே அமைந்த இடத்தில் தெரு வாரியாகப் பகுதி வகுத்தால் அன்பியம் சாதி வாரியாகவே அமையும். அத்தகைய அன்பியத்தில் கூட்டம் இனிது நடக்கலாம், பகிர்வும் நிகழலாம். ஆயினும் ஏற்கெனவே உறவினராயிருப்போரிடையே நிகழும் அன்பு, பெயர் கோரும் அன்பை எட்டுவதில்லை.

இச்சிக்கல் புதியதன்று. 17ஆம் நூற்றாண்டில் மதுரைத் தளத்தில் ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணியாற்றப் பண்டாரசாமிகள் என்னும் தனிப்பிரிவினர் ஏற்படுத்தப்பட்டனர். அணுக இயலாத மக்களை அணுகுவதற்கான வழியாக அது அமைந்தது. அதே நேரத்தில் பிரிவினையை அமைப்பாகவும் ஆக்கியது. தெருவை அப்படியே எல்லையாகக் கொள்ளும் அன்பியமும் இவ்விருமுகத் தன்மையிலிருந்து தப்புவதில்லை.

மாற்று வழிகள் பகுதி வகுக்கும் நிலையிலேயே உள்ளன. இரு தெருக்களின் எல்லை வீடுகளைச் சேர்த்து ஓர் அன்பியமாக வகுத்தல், இரண்டு அன்பியங்கள் குறித்த காலத்தில் ஒன்றுகூடி மாறி மாறி வீடுகளில் கூடுதல், ஆலயத் திருவிழாப் பொறுப்புகளை அன்பிய வாரியாகச் சுழற்றுதல் ஆகியன அவற்றுள் சில. இவற்றுள் இரண்டாவது எளிதாகத் தோன்றினும் கடினமானது. பிறர் தெருவுக்குச் செல்வதும் அவ்வீட்டில் அமர்ந்து தண்ணீர் வாங்கிப் பருகுவதும் சொற்பொழிவால் நிகழ்பவை அல்ல. முறைப்பட்டியலில் பெயர் இருப்பதால் நிகழ்பவை.

முடிவுரை

வேதியர் குழு நூலாலும் பயிற்சியாலும் நிலைத்தது. சபைகள் அமைப்பு விதியாலும் வாரப் பணியாலும் நிலைத்தன. அன்பியம் முறைவைத்துக் கூடுதலாலும் அனைவரும் பேசும் வாசிப்பு முறையாலும் நிலைக்க முயல்கிறது. மூன்றிலும் ஆள் மாறினும் மாறாத ஒரு நடைமுறை குழுவைத் தாங்குகிறது. வேதியர் குழுவிற்கு ஏலாக்குறிச்சியில் தனியே ஒரு தமிழ் உரைநடை நூல் தோன்றியது. அன்பியக் கூட்டங்களின் பகிர்வுகள் எழுத்துப் பெறாதவை. ஒரு வட்டார மக்களின் பேச்சுத் தமிழில் நிகழ்பவை. கூட்டக் குறிப்பேடுகளும் வாய்மொழிப் பகிர்வுகளும், உரியவர்களின் இசைவோடு தொகுக்கப்படுமாயின், தமிழ்க் கிறித்தவ உரைநடை வரலாற்றின் அடுத்த பகுதிக்கு அவை தரவாகும். அத்தொகுப்பில் எவ்வெத்தெருக்களின் குரல்கள் ஒரே குறிப்பேட்டில் இடம்பெறுகின்றன என்பதே, அன்பியம் தன் பெயருக்கு எவ்வளவு நெருங்கியுள்ளது என்பதைக் காட்டும் அளவுகோலாக அமையும்.