நடுவில் நில்லுங்கள், அளவைச் சொல்லுங்கள்

வேலைக்கான குழு விவாதம். "வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதா, அலுவலகம் வருவதா?" என்பது தலைப்பு. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கத்துகிறார்கள். கடைசியாக ஒருவர் சாவகாசமாகச் சொல்கிறார்: "ரெண்டுலயும் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு சார்." இதற்கு மதிப்பெண் விழாது. எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லிவிட்டு முடிவை மற்றவர் தலையில் கட்டுவது அது.

இப்படிப்பட்ட மிதவாதக் கருத்தை ஆங்கிலத்தில் 'மிடில் ஆஃப் த ரோடு' என்பார்கள். மேலாளர் வாயிலிருந்து அது வந்தால் உடனே பூரித்துப்போக வேண்டாம். எதிலும் நிதானம் தவறாத ஆள் என்ற பாராட்டாகவும் இருக்கலாம், உப்புச்சப்பில்லாத ஆள் என்ற குத்தலாகவும் இருக்கலாம். எது என்பது நீங்கள் பேசிய விதத்தைப் பொறுத்தது.

எப்படிப் பேசுவது என்பதற்கு எடுத்துக்காட்டு காரைக்கால் கடற்கரையிலேயே கிடைக்கிறது. மீன் கூட்டத்தையே வளைத்துச் சுருக்கி அள்ளும் சுருக்குமடி வலை பற்றிய பேச்சை எடுத்துப் பாருங்கள். கடன் வாங்கிப் படகும் வலையும் போட்டவர், "எங்க பொழப்பை நிறுத்தாதீங்க" என்பார். சிறு படகுக்காரர், "குஞ்சு மீன் வரைக்கும் வாரிட்டுப் போனா எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்பார். பக்கத்துத் தமிழ்நாட்டில் அரசு 2000-லேயே இந்த வலைக்குத் தடை போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 ஜனவரியில் ஓர் இடைக்கால உத்தரவு வந்தது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் மட்டும் இந்த வலையைப் போடலாம் என்றது அந்த உத்தரவு. திங்கள், வியாழன் மட்டும். காலை 8 மணிக்குக் கிளம்பி மாலை 6 மணிக்குள் கரை திரும்ப வேண்டும். பதிவு பெற்ற, கண்காணிப்புக் கருவி பொருத்திய படகுகளுக்குத்தான் அனுமதி.

இந்த உத்தரவு எல்லோருக்கும் பிடிக்கவில்லை. 12 கடல் மைல் என்றால் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் போய், மீன் கூட்டத்தைத் தேடி, வலை வளைத்து, பொழுது சாயும் முன் திரும்புவது நடக்கிற காரியமா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் கவனியுங்கள்: இதை எதிர்ப்பவர்கூட "நேரம் போதாது", "தூரம் அதிகம்" என்று குறிப்பிட்டுத்தான் எதிர்க்க முடியும். எங்கே, எப்போது, எந்த நிபந்தனையில் என்று சொன்ன நடுக்கருத்துக்கு உள்ள மரியாதை அது. வழவழா கொழகொழா பேச்சை யாரும் மறுக்கக்கூட மாட்டார்கள், கடந்து போய்விடுவார்கள்.

அலுவலகத்துக்கு வருவோம். துறைமுகச் சரக்கை ஏற்றி இறக்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாம் கணினியில்தான் என்கிறார் புதிய மேலாளர். பதிவேடுதான் நம்பிக்கை என்கிறார் இருபது வருட அனுபவசாலி. நீங்கள் இளையவர். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "அண்ணே, லாரி எடைச்சீட்டு விஷயத்துல நீங்க பயப்படுறது சரிதான். மத்த கணக்கெல்லாம் கணினிக்குப் போகட்டும். எடைச்சீட்டை மட்டும் ஒரு மாசம் பதிவேட்டுலயும் எழுதுவோம். ரெண்டும் ஒத்துப்போனா பதிவேட்டை மூடிடலாம்." மூத்தவரின் வலுவான வாதத்தை நீங்களே முதலில் சொல்லிவிட்டதால் அவர் முகம் சுளிக்க மாட்டார். மேலாளருக்கும் கெடு கிடைத்துவிட்டது. குழு விவாதத்திலும் இதே சூத்திரம்தான்: வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம், எந்த வேலைக்கு, எப்போது மறுபரிசீலனை?

பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்த கதையிலும் இப்படி அளவு சொன்ன நடுவழி உண்டு. பொது வாக்கெடுப்பு வேண்டும் என்றது பிரான்ஸ். அது இல்லாமலே ஒப்படைக்கச் சொன்னது இந்தியா. கடைசியில் 1954 அக்டோபர் 18 அன்று கீழூர் என்ற ஊரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான மாற்றத்துக்கு 1962 ஆகஸ்ட் 16 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு ஒப்பந்தத்தில் ஆறு மாத அவகாசமும் தந்திருந்தார்கள். அவசரக்காரர்களுக்கு இது ஆமை வேகம். ஆனால் யார் எப்போது என்ன செய்ய வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் நடுவழி தேடக் கூடாது. எடைச்சீட்டில் எண்ணைத் திருத்தச் சொன்னால் பாதி திருத்துவது என்று ஒன்று கிடையாது. பாதுகாப்புக் கவசம் இல்லாமல் உயரத்தில் ஏறச் சொன்னாலும், உடன் வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒருவர் வரம்பு மீறினாலும் அப்படித்தான். அங்கே "முடியாது சார்" என்று சொல்லுங்கள். வற்புறுத்தினால், உத்தரவை எழுத்தில் கேளுங்கள்.