தோட்டத்து இரயிலின் மூச்சு

மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. கே.டி.எம். தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் இன்றும் ஒரு மீட்டர்தான். அதை 22.5 மடங்கு சுருக்கினால் ஏறத்தாழ 44 மில்லிமீட்டர் வரும். 1968இல் ஜெர்மனியின் லேமன் நிறுவனம் எல்.ஜி.பி. என்ற பெயரில் வீட்டுத் தோட்டங்களில் ஓடும் இரயில்களை அறிமுகப்படுத்தியது. அவை ஓடும் தண்டவாளத்தின் அகலம் 45 மில்லிமீட்டர். ஆகவே, நம் நாட்டு இரயிலை அந்தச் சிறு தண்டவாளத்தில் ஓடவிட்டால் அளவு கிட்டத்தட்ட சரியாகவே பொருந்தும்.

அளவு பொருந்தியது, வானிலைதான் பொருந்தவில்லை. இத்தகைய இரயில்கள் வழக்கமாகத் தண்டவாளத்திலிருந்தே மின்சாரத்தைப் பெறுகின்றன. ஒரு தண்டவாளம் நேர்முனை, மற்றொன்று எதிர்முனை. சக்கரங்கள் வழியாக மின்சாரம் மோட்டாரைச் சென்றடையும். வீட்டுக்குள் இதில் சிக்கல் இல்லை. எங்கள் வீட்டுத் தோட்டத்திலோ மாலைதோறும் மழை. பித்தளைத் தண்டவாளம் கறுத்துவிடும். மாவிலை விழும், எறும்பு மண் கொட்டும், இணைப்புகள் தளரும். பத்து நிமிடம் இரயில் ஓட்டுவதற்கு அரை மணி நேரம் உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வு, மின்சாரத்தை இரயிலுக்குள்ளேயே வைத்துவிடுவது. எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து வரும் வண்டிக்கு டெண்டர் என்று பெயர். அதற்குள் மின்கலத் தொகுப்பு ஒன்றை வைக்கலாம். லித்தியம் மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். நான்கைத் தொடராக இணைத்தால் 14.8 வோல்ட் கிடைக்கும். அவை 2600 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவு உடையவை என்றும், எஞ்சின் ஓடுவதற்கு ஓர் ஆம்பியர் தேவை என்றும் கொள்வோம். கணக்குப்படி இரண்டரை மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக ஓட வேண்டும். லித்தியம் மின்கலத்தை முற்றிலும் வெறுமையாக்கினால் அது கெட்டுவிடும் என்பதால், நான் இரண்டு மணி நேரத்தில் நிறுத்திவிடுவேன். பாதுகாப்புச் சுற்று இல்லாத தொகுப்பை வாங்கவே கூடாது. மின்னேற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

மின்கலத்திலிருந்து புறப்படும் கம்பி முதலில் ஃபியூசுக்கும், அடுத்துச் சுவிட்சுக்கும், பிறகு அலைவாங்கிக்கும் செல்லும். கையில் உள்ள கருவி அனுப்பும் வானொலி அலையைப் பெற்று, மோட்டாரின் வேகத்தையும் திசையையும் மாற்றுவது இந்த அலைவாங்கிதான். ஆனால், இதைப் பொருத்துவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சக்கரங்களிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் பழைய கம்பிகளை வெட்டி, முனைகளை நாடாவால் மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால், மின்சாரம் பாயும் தண்டவாளத்தில் எஞ்சினை யாராவது தெரியாமல் வைத்துவிட்டால், அந்த மின்சாரம் பின்வழியாக அலைவாங்கிக்குள் புகுந்துவிடும்.

என் முதல் அலைவாங்கி கருகியதற்குக் காரணம் அதுகூட அல்ல. அவசரத்தில் சிவப்புக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் மாற்றி இணைத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் மெல்லிய புகை. பிளாஸ்டிக் கருகும் வாடை. இரண்டு மாதச் சேமிப்பு ஒரு நொடியில் போயிற்று. மல்டிமீட்டரால் முனைகளைச் சோதித்திருந்தால் அரை நிமிட வேலை. இப்போதெல்லாம் தவறான திசையில் நுழையவே முடியாத இணைப்பிகளைத்தான் பயன்படுத்துகிறேன்.

கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளில் இயங்குகின்றன. அந்த அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர் மட்டுமே. எஞ்சினுக்குள் இருக்கும் ஈயப் பாளங்களும் உலோகக் கொதிகலனும் அதை எளிதில் மறைத்துவிடும். ஆகவே, அலைவாங்கியின் சிறு ஆன்டெனா, ஓட்டுநர் அறையின் பிளாஸ்டிக் கூரைக்கடியில் இருப்பது நல்லது. தொடர்பு அறுந்தால் இரயில் நிற்குமா, ஓடிக்கொண்டே இருக்குமா என்பதையும் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். எஞ்சினைக் கவிழ்த்து வைத்து, சக்கரங்கள் சுழலும்போது கைக்கருவியை அணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கள் பாதை மீன் குளத்தின் ஓரமாகச் செல்வதால் இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

இனி ஒலி. பதிவு செய்யப்பட்ட நீராவி ஓசைகளைக் கொண்ட மின்சுற்றுப் பலகை ஒன்றும், ஒலிபெருக்கி ஒன்றும் இதற்குப் போதும். ஒலிபெருக்கியை வெறுமனே வைத்தால் ஓசை தகரம்போல் இருக்கும். அதன் முன்பக்கம் காற்றைத் தள்ளும் வேளையில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்புறத்தைச் சிறு பெட்டியால் மூடிவிட்டால் ஓசை கனத்துவிடும். டெண்டரின் அடித்தட்டில் துளைகளிட்டு, ஒலிபெருக்கியைக் கீழ்நோக்கிப் பொருத்தினேன். மழை நீரும் உள்ளே வராது. மோட்டாரின் தீப்பொறியால் எழும் கரகரப்பை அடக்க, அதன் இரு முனைகளுக்கிடையே 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்தேன்.

நீராவி எஞ்சினின் 'குப் குப்' ஓசை சக்கரத்தோடு ஒத்துப்போக வேண்டும். உருளை ஒவ்வொன்றும் சக்கரத்தின் ஒரு சுழற்சியில் இருமுறை நீராவியை வெளியேற்றும். இரண்டு உருளைகள் என்றால் நான்கு மூச்சு. எனவே, இயக்கும் அச்சில் சிறு வட்டத் தட்டைப் பொருத்தி, நான்கு காந்தங்களை ஒட்டினேன். காந்தம் கடக்கும்போதெல்லாம் அருகிலுள்ள சுவிட்சு மூடிக்கொள்ள, ஒரு மூச்சு கேட்கும்.

எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. தாத்தாவை அழைத்து வந்து நாற்காலியில் அமர வைத்தேன். இளமையில் மலாயன் இரயில்வேயில் நிலக்கரி அள்ளிப் போட்டவர் அவர். இரண்டு சுற்று கேட்டார்.

"யாருடைய எஞ்சினடா இது?" என்றார்.

"நீங்கள் வேலை செய்த 56ஆம் வகுப்பு எஞ்சின்தான், தாத்தா."

"இல்லை. அதற்கு மூன்று உருளைகள். நடுவில் ஒன்று உள்ளே ஒளிந்திருக்கும், வெளியே தெரியாது. அதன் மூச்சு இப்படி விட்டு விட்டு வராது, நெருக்கமாக வரும்." நாற்காலியின் கைப்பிடியில் விரல்களால் ஆறு முறை தட்டிக் காட்டினார்.

மூன்று உருளைகள், சுழற்சிக்கு ஆறு மூச்சு. நான் வெளிப்புறத்தை மட்டும் பார்த்துச் செய்திருந்தேன். அன்று இரவே ஆறு காந்தங்களை ஒட்டினேன். அவை மிகவும் நெருங்கிவிட்டதால் சுவிட்சு திறக்காமலேயே நின்று, ஓசை முற்றிலும் அடங்கிப்போனது. சற்றுப் பெரிய தட்டையும், இன்னும் சிறிய காந்தங்களையும் தேடிப் பிடிக்க மூன்று வாரங்கள் ஆயின.

மீண்டும் தாத்தா வந்து அமர்ந்தார். இரயில் மாமரத்தைச் சுற்றி, குளத்தோரம் ஏறி வந்தது. அவர் விரல்கள் கைப்பிடியில் தட்டிக்கொண்டே இருந்தன. ஓசையோடு ஒருமுறைகூடப் பிசகவில்லை.

"இப்போது சரி. சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறை. பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும்," என்றார்.