கிணற்றுக்கு எத்தனை கிராம்?

தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்துப் பிள்ளைகளுக்கு காஸ்டிக் சோடா என்பது வேதியியல் புத்தகத்தில் வருவதற்கு முன்பே வீட்டில் புழங்கும் சொல். 1950-களின் கடைசியில் டி.சி.டபிள்யூ. என்று நாங்கள் சொல்லும் தாரங்கதாரா கெமிக்கல் ஒர்க்ஸ் இங்கே ஆலை வைத்தது. முதலாளி குடும்பமான சாகு ஜெயின்களின் பெயரே ஊர்ப் பெயரும் ஆயிற்று. உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரஜனும். ஆபரேட்டராக இருந்த அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொல்வார். அதனால் பி.எஸ்சி. வேதியியல் எடுத்தபோது யாரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. 2023-இல் படிப்பு முடிந்தது. வேதியியல் எனக்குத் தெரியும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அதன்பின் வந்த ஒரு வருஷத்தைப் பற்றி, கீழ் வகுப்புப் பிள்ளைகள் அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன்.

முதல் சில மாதங்கள் சும்மா இருந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் அம்மா வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்வேன். எதிர்ப்படுகிறவர் எல்லாரும் "தம்பி, என்ன செய்ற?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து கடைத்தெருப் பக்கம் போகாமல் இருந்த நண்பர்கள் உண்டு. அது தேவையே இல்லாத பயம். "வேலை தேடுறேன் மாமா, எங்கயாவது இருந்தா சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்டுவிட்டால் பாதிப் பேர் உண்மையிலேயே யோசிப்பார்கள். எனக்கு வந்த நல்ல தகவல் ஒன்று ஆறுமுகநேரி டீக்கடையில்தான் கிடைத்தது.

கெட்ட தகவலும் அதே வழியில்தான் வரும். சென்னையில் வேலை, முதலில் டெபாசிட் கட்டு என்றார் ஒருவர். இன்னொருவர் மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றார். வேலைக்காகப் பணம் கேட்கிற யாருக்கும் ஒரு பைசா கொடுக்கக்கூடாது. மூலச் சான்றிதழைக் காட்டலாம், சரிபார்த்ததும் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். இந்த விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்கவே கூடாது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒரு வழி தொழிற்பழகுநர் பயிற்சி. 1961-ஆம் வருஷத்துச் சட்டம் அது. ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் பொறியாளர்களுக்கும்தான் என்று இன்னும் நினைக்கிறார்கள். 2014-இல் சட்டத்தைத் திருத்தி, கலை, அறிவியல் பட்டதாரிகளையும் சேர்த்தாயிற்று. மத்திய அரசின் நாட்ஸ் தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தென்மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பயிற்சி ஒரு வருஷம். நான் சேர்ந்தபோது பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய். அதில் பாதியை நிறுவனத்துக்கு அரசு ஈடுகட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சட்டப்படி நீங்கள் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். ஆகவே பி.எஃப். பிடித்தம் கிடையாது, வேலை நிரந்தரமாகும் என்ற வாக்குறுதியும் கிடையாது. ஆனால் தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகள் உங்களுக்கும் பொருந்தும், பயிற்சியில் விபத்து நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. தனி அனுமதி இல்லாமல் இரவு பத்துக்கு மேல் விடியற்காலை ஆறு வரை உங்களை வைத்துக்கொள்ள முடியாது. ஒன்பதாயிரம் ஒரு சம்பளமா என்று வீட்டில் கேட்பார்கள். சம்பளம் இல்லைதான். ஒரு ஆலைக்குள் ஒரு வருஷம் நடமாட அது அனுமதிச் சீட்டு.

எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு ஆலையின் தண்ணீர் லேபில் இடம் கிடைத்தது. சுமார் முப்பது கிலோமீட்டர். ஏ ஷிஃப்ட் என்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். ஆத்தூரில் வெற்றிலைக் கட்டுகள் ஏறும், முக்காணியில் தாமிரபரணிப் பாலம் தாண்டும், பழையகாயல் வரும்போது உப்பளங்களின் மேல் வெளுக்கும். பஸ்ஸில் தூங்கப் பழகிக்கொள்வதும் முதல் வருஷப் பாடங்களில் ஒன்றுதான்.

கொதிகலனுக்குப் போகிற தண்ணீரைச் சோதிப்பது என் வேலை. கடினத்தன்மை, பி.ஹெச்., சிலிக்கா, மின்கடத்துதிறன். கடினத்தன்மைக்குக் கல்லூரியில் செய்த அதே இ.டி.டி.ஏ. டைட்ரேஷன்தான். சிவப்பு ஒயின் நிறம் நீலமாக மாறினால் முடிவு. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். இருந்தது.

கல்லூரி லேபில் விடை ஏற்கெனவே எங்கோ இருக்கிறது. சீனியரின் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது, ஆசிரியரின் மேசையில் இருக்கிறது. பியூரெட்டில் என்ன வந்தாலும் அந்த எண்ணை நோக்கி ஒதுக்கிக்கொண்டு போகிற சாமர்த்தியத்தைத்தான் பாதிப் பேர் மூன்று வருஷமாகக் கற்கிறார்கள். தமிழ்நாட்டில் வேதியியல் படித்த எவரும் இதை மறுக்கமாட்டார்கள். ஆலையில் அந்த எண் யாரிடமும் இல்லை. நீங்கள் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டால், அதை நம்பி ஒருவர் வால்வைத் திருப்புவார். கொதிகலனுக்குள் கடின நீர் போனால் குழாயின் உட்புறம் சுண்ணாம்புப் படலம் கட்டும். வெப்பம் நீருக்குப் போகாமல் இரும்பிலேயே தங்கும். குழாய் அளவுக்கு மீறிச் சூடேறி வெடித்துவிடும்.

ஒருநாள் காலையில் கடினத்தன்மை வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தது. மறுபடி செய்தேன், அதே எண். லேபில் முப்பது வருஷம் இருந்த அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் பட்டம் வாங்கியவர் இல்லை. உதவியாளாக வந்து சேர்ந்தவர்.

"எத்தன தடவ பாத்த?"

"ரெண்டு தடவ அண்ணாச்சி."

"அதே பாட்டில் தண்ணியவா? அப்ப நீ ஒரு தடவதாம்டே பாத்திருக்க. போயி குழாயத் தொறந்து நல்லா ஓடவிட்டுப் பிடிச்சிட்டு வா."

மாதிரி எடுக்கும் குழாயில் பழைய தண்ணீர் தேங்கி நிற்கும். அதைப் பிடித்து வந்து எத்தனை முறை சோதித்தாலும் தேங்கின தண்ணீரின் கதையைத்தான் அது சொல்லும். ஓடவிட்டுப் பிடித்து வந்தேன். எண் அப்போதும் கூடுதல்தான். அதற்கப்புறம்தான் அண்ணாச்சி போனை எடுத்தார். தண்ணீரை மென்மையாக்கும் கலன் களைத்துப் போயிருந்தது. அதற்குள் இருக்கும் பிசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். சோடியம் தீர்ந்தால் உப்புக் கரைசல் ஊற்றிப் புதுப்பிக்க வேண்டும். நேரத்துக்கு முன்பே புதுப்பித்தார்கள். எனக்கு யாரும் சபாஷ் போடவில்லை. ஆனால் அன்றைக்கு விளங்கியது, டிகிரி எனக்குக் கொடுத்தது டைட்ரேஷனின் இரண்டாம் பாதியை மட்டும்தான். மாதிரியை எங்கே, எப்படி எடுக்கிறோம் என்ற முதல் பாதி அண்ணாச்சிகளிடம் இருக்கிறது.

அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். போனில் குறித்தால் ஆகாது, லேபில் பல இடங்களில் போனே அனுமதி இல்லை. அதில் நான் எழுதியது முடிவுகளை இல்லை. எது சந்தேகமாகப் பட்டது, யாரிடம் கேட்டேன், என்ன சொன்னார்கள் என்பதை. கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டால் எரிந்து விழுவார்கள். டீ வந்தபிறகு கேட்டால் கதையோடு சொல்வார்கள். "இது ஏன் இப்படி?" என்று மொட்டையாகக் கேட்டால் "அப்படித்தான்" என்ற பதில்தான் கிடைக்கும். "நான் இப்படி நினைக்கிறேன், சரியா அண்ணாச்சி?" என்றால் திருத்தாமல் அவர்களால் இருக்க முடியாது.

இதெல்லாம் ஆலைக்குள் மட்டும் செல்லுபடியாகும் பாடம் என்று நினைத்திருந்தபோது டிசம்பர் மழை வந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் பக்கத்துக் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் மாவட்டத்தில் ஒரு முழு வருஷத்துக்கும் அவ்வளவு பெய்யாது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. ஏரல் பாலம் அறுந்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. அளங்களில் குவித்து வைத்த உப்பு வந்த வழியே கரைந்து போயிற்று. வேலைக்குப் போக ரோடு இல்லை.

தண்ணீர் வடிந்ததும் ஆறுமுகநேரியில் அத்தை தெருவுக்குப் போனேன். ஊர் முழுக்கத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. பொதுக்கிணற்றில் சேறு கலந்திருந்தது. யாரோ பிளீச்சிங் பவுடர் மூட்டை கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அங்கிருந்த தாத்தா ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"ஏ, நீ கெமிஸ்ட்ரி படிச்சவந்தானல? எவ்வளவு போடணும், சொல்லு."

சுற்றி நின்றவர்கள் எல்லாம் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு எண்ணைச் சொல்லிவிடுவது எளிது. சொன்னால் போட்டும் இருப்பார்கள். "கொஞ்சம் பொறுங்க தாத்தா, கணக்குப் பாத்து, கேட்டுட்டுச் சொல்லுதேன்" என்றேன்.

கணக்கு சின்னதுதான். கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, 3.14-ஆல் பெருக்கி, நாலால் வகுத்தால் கன மீட்டர் வரும். மூன்று மீட்டர் விட்டம், நாலு மீட்டர் தண்ணீர் என்றால் சுமார் 28 கன மீட்டர், அதாவது 28,000 லிட்டர். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். சாதாரண நாளில் ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது கைக்கணக்கு. அப்படியானால் இந்தக் கிணற்றுக்கு 70 கிராம்.

ஆனால் இது சாதாரண நாள் இல்லை, பவுடரும் மழையில் நனைந்த மூட்டை. ஈரம் பட்டால் குளோரின் பறந்துவிடும். சேற்றில் இருக்கும் அழுகல் மிச்சக் குளோரினைத் தின்றுவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நடந்து போய் சுகாதார ஆய்வாளரை அழைத்துவந்தோம். அவர் என் கணக்கைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அந்த மூட்டையை ஒதுக்கினார். ஆயில் எஞ்சின் வைத்து முதலில் கிணற்றை இறைக்கச் சொன்னார். ஊறிவந்த தண்ணீருக்கு வேறு பவுடரை வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்து, கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி ஆட்டினோம். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடிக் குழாயில் நீரெடுத்து மருந்துச் சொட்டு விட்டார். மஞ்சள் வெளிறித் தெரிந்தது, போதவில்லை. மறுபடி போட்டோம். லிட்டருக்கு அரை மில்லிகிராம் மிச்சக் குளோரின் காட்டிய பிறகுதான் குடம் இறங்கியது.

குளோரின் ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். தண்ணீர் குடிக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொருளை அளந்து போட்டது அன்றைக்குத்தான்.

அந்த வருஷத்தில் வேறு சிலதும் நடந்தன. கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் பெங்களூர்ச் சம்பளங்களைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். குழுவை மியூட் செய்தேன், விலகவில்லை. விலகினால் அதுவே ஒரு பேச்சாகிவிடும். அப்பாவின் ஓய்வு நெருங்கியதால் குவார்ட்டர்ஸை விட்டு ஆறுமுகநேரியில் வாடகை வீடு பார்த்தோம். ஆலை ஊரில் வளர்கிறவர்களுக்கு நான் சொல்வேன், வீடு சொந்தமில்லை என்பதை அப்பாவின் கடைசி மாதத்தில் யோசிக்காமல் உங்கள் முதல் மாதத்திலேயே யோசியுங்கள். உதவித்தொகையில் ஒரு பகுதியை அட்வான்ஸுக்கென்று தனியாகப் போட்டுவைத்தது அப்போது கைகொடுத்தது.

பயிற்சி முடிந்ததும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்த எண், தேதிகள், பெயரின் எழுத்துகள் எல்லாம் மதிப்பெண் பட்டியலோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பாருங்கள். பின்னால் திருத்த அலைவது பெரிய பாடு. நிரந்தர வேலைக்குப் போனால் சம்பளச் சீட்டையும் யு.ஏ.என். எண்ணையும் முதல் மாதமே கேளுங்கள். பி.எஃப். பணம் உங்கள் கணக்கில் ஏறுகிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

போன மே மாதம் படிப்பு முடித்த சிலர் வீட்டுக்கு வந்தார்கள். சம்பளம் எவ்வளவு, நைட் ஷிஃப்ட் உண்டா என்று கேட்டு முடித்ததும் நான் கிணற்றுக் கணக்கைக் கொடுத்தேன். விட்டம் மூணு, ஆழம் நாலு, எத்தனை கிராம்? எல்லாரும் போனை எடுத்தார்கள். காயல்பட்டினத்துப் பிள்ளை ஒருத்தி மட்டும் போனை எடுக்கவில்லை. "பவுடர் எப்ப வாங்குனதுண்ணே?" என்று கேட்டாள். நாட்ஸ் பதிவை இந்த வாரமே முடித்துவிடச் சொன்னேன். தள்ளிப்போட்டால் பக்கத்து இடங்கள் நிரம்பிவிடும், அப்புறம் ஓசூர்தான் கிடைக்கும்.